அடகுபோன சிவப்புக் கிளிப்பு

கடல்காற்றின் விலை மூன்று ரூபாய் என்றாள் அங்காளம்மாள்.

வீரராகவனுக்குப் புல்லரித்தது. திருவள்ளூர் பஜாரில் இருபது வருஷமாக இரும்புக்கடை வைத்திருப்பவர். ஆணி, கீல், தாழ்ப்பாள், தகரம் என்று கையால் தொடக்கூடிய எல்லாவற்றுக்கும் பேரம் பேசியாயிற்று. கண்ணுக்கே தெரியாத சரக்குக்கு விலை சொல்லும் ஆளை அன்றுதான் பார்க்கிறார். துண்டை மணலில் விரித்து, கல்யாணப் பந்தியில் உட்காருகிறவரைப்போல ஆற அமர உட்கார்ந்துகொண்டார்.

“கெழக்கேருந்து வர்ற காத்துக்கு நீ இன்னாம்மா, ஏஜென்ட்டா?”

“காத்து ஓசி நைனா,” என்றாள் அங்காளம்மாள், நெத்திலியைக் கையால் பரப்பிக்கொண்டே. “அது வந்து முட்டிக்கினு மேல எழும்புதே, அந்த மேடு என்னுது. என் கருவாடு காயற எடம். மேடு வேணாம்னா போ, வெறுங்காத்தை ஏரியாண்ட வச்சிக்கினு ஆடு.”

அதுதான் விஷயம். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த மீனவக் குப்பத்தில் மணல்மேடு ஒன்று, நீளமாக, உயரமாக, கடலுக்கு முகம் காட்டி நின்றது. உச்சிப்பொழுது சாய்ந்ததும் கடல்காற்று கிளம்பி வந்து அதன்மேல் மோதும். மோதியது மேலே ஏறும். இன்ஜின் இல்லாத பொம்மை விமானத்தை அந்த ஏறுகாற்றில் வீசிவிட்டால், கீழே நின்று ரேடியோப் பெட்டியின் குச்சிகளைத் திருகித் திருகி மணிக்கணக்கில் மிதக்கவிடலாம். மணவாள நகர் ‘மாதிரி விமானக் கழகம்’ விடிகாலையில் கிளம்பி, இரும்புக்கடை டெம்போவில் பழவேற்காடு வரை குலுங்கி, அங்கிருந்து படகேறி, இறக்கைகளைப் பச்சைப்பிள்ளைபோல மடியில் கிடத்திக்கொண்டு ஏரியைக் கடந்து வந்ததெல்லாம் இந்த மேட்டுக்காகத்தான்.

கழகம் என்றால் பெரிய கூட்டமில்லை. தலைவர் வீரராகவன். செயலாளர் விக்டோரியா, கடம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். விமானத்தைக் கையிலேந்தி ஓடி வீசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மூன்றாவது மோசஸ். அப்பன் காலம்வரை வயல் கூலி. இவன் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். மோசஸ் கையில் ஒரு விமானம்கூட உடைந்ததில்லை. வீரராகவன் கையில் ஒன்றுகூட உடையாமல் இருந்ததில்லை. ஆறு விமானம்! விக்டோரியா வீசுவாள், இவர் குச்சியைத் தொடுவார், எல்லோரும் சாக்கை எடுத்துக்கொண்டு பொறுக்கக் கிளம்புவார்கள்.

போன மாசக் கூட்டத்தில் இதற்கு முடிவு கட்டினார்கள். ஏழாவதையும் தலைவர் உடைத்தால், அல்லது அதை இறக்க இன்னொருவர் கை வேண்டியிருந்தால், அதற்கப்புறம் பெட்டியைத் தொடக்கூடாது. தலைவராக நீடிக்கலாம்; மாலை போடுவார்கள்; சாப்பாட்டுக் கூடையைத் தூக்கி வரலாம். “சரி” என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இருந்தது ஒரே ஒரு வீச்சு. நெட்டியும் மூங்கில் சிம்பும் வைத்துத் தானே இழைத்து, பட்டக் காகிதம் ஒட்டி, வார்னிஷ் அடித்து, அதற்கு ‘ரொக்கம்’ என்று பெயரும் வைத்திருந்தார். கடையில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் கல்லாப்பெட்டி வருவதில்லை, அதுதான் வட்டமடித்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் கையால் மேலே நிறுத்தி, தன் கையால் முழுசாக இறக்கிவிட வேண்டும்.

“மூணு ரூவா அநியாயம்மா. காத்து அடிக்கலன்னா?”

“அடிக்காத நாள் ஏது?”

“அடிச்சா காசு. அடிக்காத காத்துக்கு எவன் குடுப்பான்? எட்டணா.”

“எட்டணாவுக்கு ஊதிதான் உடணும்.”

இப்படியே இறங்கி ஏறி, ஏறி இறங்கி, ஒன்றரை ரூபாயில் வந்து நின்றது. பாதி இப்போது, பாதி காற்று வந்தபிறகு. சரக்கு வந்து சேருமுன் முழுப்பணத்தைக் கொடுப்பது வீரராகவன் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கிடையாது. முக்கால் ரூபாயை எண்ணி வைத்தார்.

“மீதிக்கு ஜாமீன்?” என்றாள் அங்காளம்மாள். “பறக்க உட்டுக்கினு படகேறிப் பூட்டா உன்ன எங்கன்னு தேடறது? அந்த வாட்சைக் கழட்டு.”

வாட்சைக் கழற்றுவதாவது! வீரராகவனின் கை தன்னால் சட்டைக் காலருக்குப் போயிற்று. அங்கே சிவப்புப் பெயின்ட் அடித்த துணி கிளிப்பு ஒன்று மாட்டியிருந்தது.

அந்தக் கிளிப்பின் கதை இது. கழகத்தில் ரேடியோப் பெட்டி இரண்டு. ஹார்பர் பக்கத்துச் சந்தில் கப்பல் சரக்கு விற்கும் ஒருவனிடம் வீரராகவன் பேரம் பேசிய பேரத்தில், அவன் கண்ணில் ஜலம் வைத்துக்கொண்டு ஒன்றரைப் பெட்டி விலைக்கு இரண்டு பெட்டி கொடுத்தான். ஊருக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்த மோசஸ்தான் தலையில் கைவைத்தான்: இரண்டும் ஒரே அலைவரிசை. ஒன்றை ஆன் செய்திருக்கும்போது இன்னொன்றையும் ஆன் செய்தால், விமானம் எந்தப் பெட்டியின் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் பைத்தியம் பிடித்து ஆடும். அதனால் கழகத்தில் ஒரு விதி. ஒரே ஒரு கிளிப்பு. அது யார் சட்டையில் இருக்கிறதோ அவர்தான் பெட்டியை ஆன் செய்யலாம். மற்றவர் விரலை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். விதி போட்டவர் வீரராகவனேதான்.

“இந்தா,” என்று கிளிப்பைக் கழற்றி நீட்டினார். “இது இல்லாம எங்க ஆளு ஒருத்தன்கூட பொட்டியைத் தொட முடியாது. வாட்சைவிட ஒசத்தி.”

“பொய் சொல்லல?”

“சாமி சத்தியமா.”

அங்காளம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டையில் மாட்டிக்கொண்டாள். டஜன் அறுபது காசுக்கு விற்கும் கிளிப்பில் ஒன்றை முக்கால் ரூபாய்க்கு அடகு வைத்துவிட்ட பெருமிதத்தோடு வீரராகவன் மேட்டின்மேல் ஏறினார். அந்த அளவு சாமர்த்தியம் இருக்கிற மனுஷனுக்கு, தான் அடகு வைத்தது இன்னதென்று உறைக்கவில்லை.

காற்று வந்தது. முதலில் அடம்பங்கொடி இலைகள் சிலிர்த்தன, பிறகு தாழம்புதர்கள் சலசலத்தன, பிறகு வீரராகவனின் வேட்டி பாய்மரமாக உப்பியது. விக்டோரியா புடவையை இழுத்துச் செருகி, ‘ரொக்க’த்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

“தலைவரே, கிளிப்பு எங்கே? காலர்ல காணோமே.”

“பத்திரமா இருக்கு டீச்சர்,” என்றார் வீரராகவன். அடகுக்கடையில் இருக்கும் நகையைப் பற்றி ஆம்பிளைகள் வீட்டில் சொல்வது இதைத்தான். பெட்டியை ஆன் செய்தார். “உடுங்க!”

அவள் நாலெட்டு ஓடி வீசினாள்.

விமானம் விழவில்லை.

வீரராகவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், பழக்கதோஷம். பொத்தென்ற சத்தம் வராததால் ஒரு கண்ணைத் திறந்தார். ‘ரொக்கம்’ அவர் தலைக்குமேல், பட்டக் காகிதத்தில் வெயில் ஊடுருவ, காற்றில் சாய்ந்து நின்றது. இடது குச்சியை ஒரு துளி தள்ளினார். அது இடதுபக்கம் திரும்பியது! வலது. திரும்பியது! சொன்னதைக் கேட்கிறது! இரும்புக்கடையில் சம்பளம் வாங்குகிற ஆட்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. மேட்டின் தென்கோடிக்குப் போகச் சொன்னார், போயிற்று. வடகோடிக்கு வரச் சொன்னார், வந்தது. மேலே ஏறு என்றார். பருந்து ஒன்று வந்து எட்டிப் பார்த்து, மதிக்காமல் போகும் உயரத்துக்கு ஏறியது.

“டீச்சர்! பாக்கறீங்களா? பாக்கறீங்களா?”

“பாக்கறேன் தலைவரே! நீங்க அதைப் பாருங்க! என்னைப் பாக்காதீங்க!”

அவருக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. வயசு நாற்பத்தாறு, கல்யாண வயசில் பெண் இருக்கிறாள், எதிர்க்கடைக்காரனோடு கோர்ட்டில் வாய்தா இருக்கிறது. எல்லாம் எங்கோ தரையில் கிடந்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வட்டம் போட்டார்.

மேட்டுக்கு அந்தப்பக்கம், தாழம்புதர் மறைவில், மோசஸ் தன் விமானத்துக்கு வால் பூட்டிக்கொண்டிருந்தான். அங்கே நடந்தது வீரராகவனுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. விக்டோரியா வீசியபோது எழுந்த கூச்சல் மோசஸ் காதில் விழுந்திருக்கிறது. தலைவர் விமானம் பறந்து இவ்வளவு நேரமாயிற்று என்றால் இந்நேரம் உடைந்து சாக்கில் ஏறியிருக்கும் என்று அவன் கணக்குப் போட்டான். ஆறு தடவை சரியாக வந்த கணக்கு. அப்போது அங்காளம்மாள் ஓலைப்பாயைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கொண்டையில் சிவப்பாக என்னமோ.

“இன்னாம்மா இது? எங்க கிளிப்பு உன்கிட்ட எப்டி?”

“அடகு. ஒங்க நைனா வச்சாரு.”

மோசஸுக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஐயோ பாவம், ஏழாவதையும் உடைத்துவிட்டு, மனசு வெறுத்து, கிளிப்பையே கொடுத்துவிட்டுப் போய்விட்டாரா!

“எவ்ளோக்கு?”

“முக்கா ரூவா. காத்து வந்துட்ச்சி, ஆளு வரல.”

மோசஸ் முக்கால் ரூபாய் கொடுத்து கிளிப்பை மீட்டான். சட்டையில் மாட்டினான். விதிப்படி, முறைப்படி, நெஞ்சை நிமிர்த்திப் பெட்டியை ஆன் செய்தான்.

மேலே ‘ரொக்கம்’ ஒரு விக்கல் விக்கியது.

அடுத்து தலைகுப்புறப் பாய்ந்தது. வீரராகவன் அலறிக்கொண்டு குச்சியை இழுத்தார்; அது நிமிர்ந்து, நிமிர்ந்த வேகத்தில் பின்பக்கமாகவே ஒரு முழுக் குட்டிக்கரணம் போட்டது. குப்பத்துப் பிள்ளைகள் “ஓ!” என்று கைதட்டின.

“பிரமாதம் தலைவரே!” என்றாள் விக்டோரியா.

“நான் பண்ணல டீச்சர்! நான் பண்ணல! அது என் பேச்சையே கேக்கல!”

அதேசமயம் புதர்ப்பக்கமிருந்து மோசஸ், கையில் பிடித்திருந்த தன் விமானத்தின் வால் தானாக வெட்டிவெட்டி இழுப்பதைப் பார்த்துக்கொண்டே மேட்டின்மேல் ஏறி வந்தான். “இன்னா இது பேஜாரு! சும்மா கைல வச்சிக்கினு இருக்கேன், பேய் புடிச்சாப்ல ஆடுது!” என்றவன் அண்ணாந்து பார்த்தான். வாய் பிளந்தது. “தலைவரே! ஒங்க வண்டி மேல இருக்குது!”

“எனக்குத் தெரியாதா! ஆஃப் பண்ணுய்யா!”

“கிளிப்பு என்கிட்ட தலைவரே! டப்பு குடுத்து மீட்டுக்கினு வந்தேன்! நீங்கதான் ஆஃப் பண்ணணும்!”

வீரராகவன் விக்டோரியாவைப் பார்த்தார். விக்டோரியா வருத்தத்தோடு தலையசைத்தாள். “கிளிப்பு யார்கிட்ட இருக்கோ அவர்தான், தலைவரே. நீங்க போட்ட விதி. உங்க பெட்டியை ஆஃப் பண்ணுங்க, மோசஸ் அழகா இறக்கிடுவார்.”

இறக்கிவிடுவான். அதில் சந்தேகமே இல்லை. ஒரு கீறல் இல்லாமல், பூப்போல இறக்கிக் கையில் கொடுப்பான். விமானம் பிழைக்கும். ஆனால் இறக்கியவன் மோசஸாக இருப்பான். வீரராகவனிடம் மிஞ்சுவது சாப்பாட்டுக் கூடை. மேலே ‘ரொக்கம்’ சாராயம் குடித்த கொக்குபோல ஒரு இறக்கையில் சுழன்றுகொண்டிருந்தது. பேச்சுக்கு நேரமில்லை. வீரராகவன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்.

“மோசஸ்! கிளிப்பு இன்னா விலை?”

“இன்னா?”

“விலை சொல்லுய்யா! வாங்கிக்கறேன்!”

மோசஸ் குறும்புக்காரன். போன தீபாவளிக்கு அரை கிலோ ஆணிக்காக இந்த மனுஷன் தன்னை ஒரு மணி நேரம் கடை வாசலில் நிற்கவைத்துப் பேரம் பேசியதை மறந்தவனுமில்லை. பெரிதாக ஒன்றைச் சொன்னால்தானே இவர் பாதிக்கு வருவார், பிறகு கால்வாசிக்கு வருவார், சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம் என்று நினைத்தான்.

“தலைவர் பதவி!” என்று கத்தினான்.

“குடுத்தேன்!”

மோசஸுக்குக் காது அடைத்துவிட்டது. வீரராகவன் சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கி அவன் பார்த்ததில்லை. திருவள்ளூரில் யாரும் பார்த்ததில்லை. பெட்டியை ஆஃப் செய்யக்கூடத் தோன்றாமல் அவர் வாயையே பார்த்தான்.

“ஆஃப் பண்ணுங்க மோசஸ்!” விக்டோரியா வகுப்பறைக் குரலில் ஒரு அதட்டுப் போட்டாள். மோசஸ் திடுக்கிட்டு சுவிட்சைத் தட்டினான். கிளிப்பைப் பிடுங்கி ஓடிவந்து வீரராகவன் காலரில் மாட்டினான்.

‘ரொக்கம்’ தலையை உதறிக்கொண்டு நேரானது. ஆனால் அதற்குள் மேட்டைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டிருந்தது. அங்கே ஏறுகாற்று கிடையாது; இறங்குகாற்றுதான். தரை மேலே வந்துகொண்டிருந்தது.

“மூக்கைக் கீழ வைங்க தலைவரே, வேகம் கொறையக்கூடாது,” என்று மோசஸ் காதோரம் சொல்ல ஆரம்பித்தான்.

“சும்மா இருய்யா! நான் இறக்கிக்கறேன்!”

வீரராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளக் கை இல்லாமல், ஒருபக்கம் அது அவிழ்ந்து இழுபட, விமானத்துக்குக் கீழே மணலில் ஓடினார். ஒரு தென்னையைச் சுற்றவைத்தார். ஒரு குடிசைக் கூரையைத் தடவிக்கொண்டு போகவைத்தார். ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கடைசியில் எதிரே பளபளவென்று வெள்ளியாக ஒரு சமதளம் தெரிந்தது. மூக்கைத் துளி தூக்கினார். இன்னும் துளி. ‘ரொக்கம்’ அந்த வெள்ளியின்மேல் வயிற்றை வைத்து, சர்ர்ரென்று வழுக்கி, இருபக்கமும் வெள்ளி தெறிக்க, ஓலைப்பாயின் கடைசி விளிம்பில் போய் நின்றது.

அங்காளம்மாளின் நெத்திலி.

வீரராகவன் மண்டியிட்டார். இறக்கையைத் தடவினார். வாலைத் தடவினார். மூக்கை, அடிவயிற்றை, பட்டக் காகிதத்தை. கிழிசல் இல்லை. முறிவு இல்லை. முழுசு! மீன்செதில் ஒட்டியிருந்ததே தவிர, கடையில் வார்னிஷ் அடித்து வைத்த அன்று இருந்ததுபோல முழுசு!

அவர் எழுந்து ஆடினார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் விக்டோரியாவுக்கு வணக்கம் போட்டு, மோசஸைக் கட்டிப்பிடித்து, “தலைவரே!” என்று அவனைக் கூப்பிட்டு, சாப்பாட்டுக் கூடையை அவன் தலையில் தூக்கி வைத்தார். மோசஸும் கூடையோடு ஆடினான். குப்பத்துப் பிள்ளைகளும் காரணம் கேட்காமல் கூட ஆடின.

அங்காளம்மாள் மட்டும் ஆடவில்லை. இடுப்பில் கைவைத்துப் பாயையும் வீரராகவனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“இன்னா நைனா இது? நெத்திலில ஏரு ஓட்டிட்டியே! அஞ்சு ரூவா எடு.”

வீரராகவன் ஐந்து ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்தார். கண் இன்னும் வானத்தில் இருந்தது.

அங்காளம்மாள் நோட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்ப நோட்டைப் பார்த்தாள். “யோவ்,” என்றாள் மெதுவாக. “ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாருக்கேன்மா. ரொம்ப நல்லாருக்கேன்.”

“அஞ்சுன்னா அஞ்சா? நான் ரெண்டரைய மனசுல வச்சிக்கினு சொன்னேன். நீ ஒன்னுன்னு சொல்லணும். நான் நாலுன்னு சொல்லணும். அப்டியே வந்து நிக்கணும்.”

“அஞ்சு குடுக்கலாம்மா. தகும்.”

“தகாது! கெட்டதே ரெண்டு படிதான்!”

“வேணும்னா ஆறு வச்சிக்கோ.”

“ஆறா!” அங்காளம்மாள் சாட்சிக்கு மோசஸைத் திரும்பிப் பார்த்தாள். “இந்தாளை ஊட்டுக்கு இட்டுக்கினு போங்கப்பா. வெயில் தலைக்கேறிக்கிச்சு.”

“அவருக்கு ஏறினது வெயில் இல்லம்மா,” என்றான் புதிய தலைவர், கூடைக்கடியிலிருந்து.

சும்மா வந்த காசை வைத்துக்கொள்ள அங்காளம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. சில்லறையும் இல்லை. குடிசைக்குள் போய், காய்ந்த வாளைக் கருவாட்டில் நீளமானதாகப் பொறுக்கி, பனைநாரால் கட்டிக் கொண்டுவந்து வீரராகவன் மடியில் திணித்தாள். அவர் வேண்டாம் என்றார். அவர் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அவள் கேட்கவில்லை. மணலில் உட்கார்ந்து, விரலால் கோடு கிழித்து, எல்லோர் காதிலும் விழும்படி கணக்குச் சொன்னாள்.

நைனா குடுத்தது அஞ்சு ரூவா. நெத்திலி சேதத்துக்குக் கழிச்சது ரெண்டரை. வாளைக் கருவாடு ரெண்டு ரூவா. பாக்கி அம்பது காசு, அங்காளம்மா தரணும்; வர்ற ஞாயித்துக்கெழமை நேர்ல வந்து வாங்கிக்கணும்.